பெற்றது, வளர்த்தது, சூராட்டில் இருப்பது: குடும்ப மரத்தில் சிக்கலான உறவுகளைப் பதியும் முழு வழிகாட்டி

போன தீபாவளிக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் நான் ஒரு புத்தகம் விநியோகித்தேன். எங்கள் குடும்ப வரலாறு, 46 பக்கம், சுருள் கம்பி போட்டது, 12 வீட்டுக்கு 12 பிரதி. முறுக்குத் தட்டுக்கும் கலர் தண்ணிக்கும் நடுவே எல்லோரும் தங்கள் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சின்ன சித்தி மட்டும் 31ஆம் பக்கத்தில் நின்றுவிட்டார். அவர் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் நான் எப்போதோ தட்டி வைத்த குறிப்பு: 'அத்தை சொன்னது. பிறந்த ஏழாம் நாள் பசாரில் ஒரு சீனக் குடும்பத்திடம் வாங்கி வளர்த்த பிள்ளை.'

சித்திக்கு அது புதுச் செய்தி அல்ல. சின்ன வயதிலிருந்தே தெரியும். அவருடைய மருமகள்களுக்குத்தான் யாரும் சொன்னதில்லை. முகத்தையும் நிறத்தையும் பார்த்து ஊகித்திருப்பார்கள்; ஊகம் வேறு, அச்சடித்த தாள் வேறு. சித்தி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "இத எதுக்குய்யா எழுதுன?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலை 12 பிரதியையும் நானே திரும்ப வாங்கினேன்.

தவறு எங்கே நடந்தது என்றால், அறிக்கை தயாரிக்கும் திரையில் 'குறிப்புகளையும் சேர்' என்ற ஒரு கட்டத்தில் டிக் இருந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் முழு மரத்தையும் முதலிலிருந்து திருத்தினேன். அந்த வேலையில் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது கிராம்ப்ஸ் என்ற குடும்ப மர மென்பொருள். இலவசம், திறந்த மூலம், 2001இல் தொடங்கிய திட்டம், உங்கள் கணினியிலேயே ஓடும். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலான வசதிகள் வேறு பெயரில் இருக்கும்.

கணினியைத் திறப்பதற்கு முன்: நாலு கட்டம் போட்ட நோட்டு

தோட்டத்துக் குடும்பங்களில் 'அம்மா யார்?' என்ற கேள்விக்குச் சில சமயம் மூன்று பதில் உண்டு. பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி, சூராட் பெரானாக்கில் (பிறப்புப் பத்திரத்தில்) பெயர் இருப்பவள் இன்னொருத்தி. மூன்றும் உண்மை. மென்பொருளில் குழப்பம் வருவதற்குக் காரணம், இந்த மூன்றையும் ஒரே கட்டத்தில் திணிக்கப் பார்ப்பதுதான். அதனால் ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு ஆளுக்கும் எதிரே மூன்று கட்டம் போடுங்கள்: பெற்றது, வளர்த்தது, பத்திரத்தில் உள்ளது. நாலாவது கட்டம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம்: இது யாருக்குத் தெரியலாம்? சொன்னவர் வாயாலேயே அதை வாங்கி எழுதுங்கள். 'எல்லாருக்கும் சொல்லலாம்', 'நான் போன பிறகு', 'நீ மட்டும் வச்சிக்க' என்று மூன்று விதப் பதில்தான் எனக்கு இதுவரை வந்திருக்கிறது.

கேட்கும் விதமும் ஒரு கலை. கூடத்தில், பத்துப் பேர் நடுவில் கேட்காதீர்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே அடுப்படியில் கேளுங்கள். 'இது உங்க சொந்தப் பிள்ளையா?' என்று நேராகப் போனால் கதவு சாத்திக்கொள்ளும். 'நீங்க பால் வெட்டப் போனப்ப ஆயாக் கொட்டகையில பிள்ளைய யார் கொண்டுபோய் விடுவாங்க?' என்று கேளுங்கள். யார் யாரை வளர்த்தார்கள் என்பது தானாக வரும்.

வயதானவர்களுக்கு வருஷம் நினைவிருக்காது, சம்பவம் நினைவிருக்கும். 'ஜப்பான்காரன் வந்தப்ப' என்றால் 1941 டிசம்பருக்குப் பிறகு. எங்கள் ஊரில் 'தொரைய சுட்ட வருஷம்' என்றால் 1948. அந்த ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும்தான் அவசரகாலம் பிறந்தது. 'ஐசி எடுத்த புதுசுல' என்றாலும் அநேகமாக அதே காலம், ஏனென்றால் அடையாள அட்டை நடைமுறைக்கு வந்ததும் 1948இல்தான். மென்பொருளின் தேதிக் கட்டத்தில் 'முன்', 'பின்', 'சுமார்', 'இடையில்' என்றெல்லாம் தேர்வு இருக்கிறது. துல்லியமாகத் தெரியாத தேதியை ஜனவரி 1 என்று அடித்துவிடாதீர்கள். பிறகு அது ஆதாரம்போல உட்கார்ந்துகொள்ளும்.

பெயர் போடும்போது

ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) என்பதற்குப் பின் வருவது குடும்பப் பெயர் அல்ல. தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, அதன் வகையைப் 'பாட்ரோனிமிக்' என்று வைத்தால் போதும். சிக்கல் வருவது மதம் மாறியவர்களிடம். இஸ்லாத்தைத் தழுவியவர்களின் பத்திரத்தில் பின் அப்துல்லா, பிந்தி அப்துல்லா (அப்துல்லாவின் மகன், மகள்) என்று வருவதுண்டு. அதற்காக அவருக்கு அப்துல்லா என்ற அப்பாவை உருவாக்கி மரத்தில் ஏற்றிவிடாதீர்கள். பத்திரத்துக்காக வைத்த பெயர் அது, ஆள் அல்ல.

ஒருவருக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் சேர்க்கலாம். எதை முதன்மைப் பெயராக வைப்பது? இன்று அவர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறாரோ அதை. எங்கள் உறவில் ஒரு அண்ணன் மதம் மாறி 20 வருஷம் ஆகிறது. அவருடைய பழைய பெயர் மாற்றுப் பெயர்ப் பட்டியலில் பூட்டோடு, அதாவது 'தனிப்பட்டது' என்ற குறியோடு இருக்கிறது. அவர் அம்மா இன்னமும் பழைய பெயரில்தான் கூப்பிடுகிறார்; அது அம்மாவுக்கும் மகனுக்கும் உள்ள விஷயம், நான் அச்சடிக்கிற தாளுக்கு வேலையில்லை.

ஜாதிக்குத் தனிக் கட்டம் கிடையாது, நீங்களாகத்தான் சேர்க்கவேண்டும். நான் சேர்க்கவில்லை. ஆராய்ச்சிக்குத் தேவை என்று நினைப்பவர்கள் அந்தந்த ஆவணத்தின் நகலோடு நிறுத்திக்கொண்டு, அதையும் பூட்டி வையுங்கள்.

கல்யாணம்: சான்றிதழ் இல்லை என்பதற்காக 'அன்மேரிட்' போடாதீர்கள்

கிராம்ப்ஸில் ஒரு குடும்பத்தை உருவாக்கும்போது உறவின் வகையைக் கேட்கும்: மேரிட், அன்மேரிட், சிவில் யூனியன், அன்னோன், அல்லது நீங்களே எழுதும் கஸ்டம். இளைஞர்கள் பலர் செய்யும் தவறு, தாத்தா பாட்டிக்குப் பதிவுச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்றதும் 'அன்மேரிட்' என்று போட்டுவிடுவது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதி. அதற்கு முன் கோயிலிலோ லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலிலோ வழக்கப்படி தாலி கட்டியிருந்தால், அந்தக் கல்யாணத்தைப் பதிவான கல்யாணமாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. எனவே அது 'மேரிட்'தான். சான்றிதழ் இல்லை என்பதைத் திருமண நிகழ்வின் குறிப்பில் எழுதினால் போதும்.

இரண்டாம் தாரமும் அப்படித்தான். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்று சட்டம் போட்டது அதே 1982இலிருந்துதான். 1955இல் வழக்கப்படி இரண்டு பேரைக் கட்டிய தாத்தாவுக்கு இரண்டு குடும்பம் உருவாக்குங்கள், இரண்டுக்கும் 'மேரிட்'. பெரியவீடு, சின்னவீடு என்ற வார்த்தைகளை உறவு வகையில் எழுதாதீர்கள். ஐம்பது வருஷம் கழித்துப் படிக்கிற பேத்தி எந்த வீட்டுப் பேத்தியாகவும் இருக்கலாம்.

தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு நான் கஸ்டம் என்பதில் 'சேர்ந்து வாழ்ந்தனர்' என்று எழுதுகிறேன். ஊர்வாயில் இதற்கு வேறு சொற்கள் உண்டு. அவை நோட்டிலேயே கிடக்கட்டும்.

பிள்ளை: இங்கேதான் நிதானம் வேண்டும்

ஒரு பிள்ளையை ஒன்றுக்கு மேற்பட்ட பெற்றோர் குடும்பங்களில் சேர்க்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. குடும்பத் திரையில் பிள்ளைகள் பட்டியலில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உள்ள தொடர்பைத் திருத்தும் சிறு சாளரத்தைத் திறந்தால், அப்பாவோடு என்ன உறவு, அம்மாவோடு என்ன உறவு என்று தனித்தனியாகக் கேட்கும். பர்த், அடாப்டட், ஸ்டெப்சைல்ட், ஸ்பான்சர்ட், ஃபாஸ்டர், அன்னோன், நன், கஸ்டம். இந்தச் சாளரத்துக்கே தனியாக ஒரு பூட்டுச் சின்னமும் உண்டு. இந்தப் பூட்டை நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வருகிறேன்.

எங்கள் சித்தி விஷயத்தில் நான் இப்போது செய்திருப்பது இது. தாத்தா, பாட்டி குடும்பத்தில் அவர் பிள்ளை. இரண்டு பேரோடும் உறவை முதலில் 'அடாப்டட்' என்று போட்டேன். அந்தத் தொடர்பின் மேல் பூட்டு இல்லை, ஏனென்றால் அதைப் பூட்டினால் ஏற்றுமதியில் அவர் தாத்தா பாட்டியின் பிள்ளைகள் வரிசையிலிருந்தே காணாமல் போய்விடுவார். அப்படியானால் 'அடாப்டட்' என்ற சொல் வெளியே தெரியுமே? தெரியும். அதனால் அவரிடமே கேட்டேன். யோசித்துவிட்டு, "எனக்கு அவங்கதான் அம்மா அப்பா, அப்படியே போடு" என்றார். எனவே அதை மாற்றினேன்; இப்போது மரத்தில் அவருக்குப் 'பர்த்' என்றும் இல்லாமல், 'அடாப்டட்' என்றும் இல்லாமல், வகை குறிப்பிடாத 'அன்னோன்' இருக்கிறது. வாங்கி வளர்த்த விவரம் பூட்டிய குறிப்பில் இருக்கிறது. பொய் எழுதவில்லை, எல்லாவற்றையும் சொல்லவுமில்லை. வம்சாவளி ஆய்வில் கறாரானவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். பரவாயில்லை, அவர்கள் சித்தியோடு தீபாவளி சாப்பிடப் போவதில்லை.

அவரைப் பெற்ற சீனப் பெற்றோருக்கு 'பெயர் தெரியாத சீனர்' என்று இரண்டு ஆள்களை உருவாக்கவில்லை. பழைய மலாயாவில் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்தது அதிசயம் இல்லை. எங்கள் ஊரிலேயே சேலை கட்டி, தீமிதி பார்த்து, தமிழ் மட்டுமே பேசி வாழ்ந்த சீன முகப் பாட்டிகள் இருந்தார்கள். ஆனால் பெயரோ ஊரோ தெரியாமல் வெறும் பெட்டியை மரத்தில் தொங்கவிட்டால், மென்பொருள் அதை ஆளாக நினைத்து எண்ணிக்கையில் சேர்க்கும். தகவல் கிடைத்தால் அன்றைக்கு உருவாக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது இன்னும் நுணுக்கமானது. 16 வயதில் மகள் பெற்ற பிள்ளையைப் பாட்டியே தன் பிள்ளை என்று வளர்ப்பது. இங்கே இரண்டு பெற்றோர் குடும்பம் வேண்டும். முதலாவது, தாத்தா பாட்டி குடும்பம். உறவு 'அடாப்டட்' அல்லது கஸ்டமில் 'வளர்த்தவர்'. இரண்டாவது, அந்த மகளை மட்டும் தாயாக வைத்து, அப்பா கட்டத்தைக் காலியாக விட்ட குடும்பம். தாயோடு உறவு 'பர்த்'. இரண்டாவது குடும்பப் பதிவின் மேலும் பூட்டு, பிள்ளைத் தொடர்பின் மேலும் பூட்டு. அப்புறம் உறவுகளை வரிசை மாற்றும் வசதியில் போய், வளர்த்த குடும்பத்தை முதலில் வையுங்கள். முன்னோர் வரைபடங்கள் முதலில் இருக்கும் பெற்றோரைப் பின்பற்றித்தான் மேலே ஏறும். இந்த ஒரு வேலையை மறந்தால், எல்லாப் பூட்டும் போட்டும் உங்கள் திரையில் வரைபடம் தப்பான கிளையில் ஏறி நிற்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காள் பார்ப்பார்.

பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இல்லை என்றால் உடனே ஒரு முடிவுக்கு வராதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, கல்யாணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கு, தாயும் தகப்பனாக ஒப்புக்கொள்பவரும் சேர்ந்து கேட்டால்தான் அவர் பெயர் ஏறும். ஆனால் கோயில் கல்யாணம் மட்டும் செய்து, காட்டத் தாள் ஒன்றும் இல்லாமல் பதிவிலாகாவுக்குப் போனவர்களும் இதில் மாட்டியிருக்கலாம். காலிக் கட்டம் காலிக் கட்டமாகவே பதியட்டும்.

தத்தெடுப்பிலும் இரண்டு வழி இருந்தது, இரண்டும் 1952இல் வந்த சட்டங்கள். நீதிமன்றம் வழியாக எடுத்தால் தத்துப் பெற்றோரையே பெற்றோராகக் காட்டும் புதுப் பிறப்புப் பத்திரம் கிடைக்கும். பதிவு மட்டும் செய்யும் வழியில், பிள்ளையை இரண்டு வருஷம் வளர்த்ததைக் காட்டிப் பதிவுச் சான்றிதழ் வாங்குவார்கள். இரண்டும் இல்லாமல் வெறும் வாய்ப்பேச்சில் நடந்ததுதான் தோட்டங்களில் ஏராளம். ஆக, பிறப்புப் பத்திரத்தில் இருக்கும் பெயர் பெற்றவர் பெயர் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. நாலு கட்ட நோட்டு இங்கேதான் கைகொடுக்கும்.

சயாமுக்குப் போனவர்கள்

1942, 43இல் சயாம் பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை, எவ்வளவு பேர் என்ற சரியான கணக்கும் இல்லை. பின்னால் நின்ற பெண்கள் பிள்ளைகளோடு எப்படிப் பிழைப்பது? இன்னொருவரோடு சேர்ந்தார்கள். இதைக் களங்கம்போல மறைக்கிற குடும்பங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, ஆனாலும் அவர்கள் வீட்டு மரத்தில் என் கோபத்தை எழுத முடியாது.

பதியும் முறை இப்படி. முதல் கணவர், மனைவி ஒரு குடும்பம். கணவரின் இறப்பு நிகழ்வில் தேதி '1942க்குப் பின்', இடம் காலி. 'சயாமில் 1943இல் இறந்தார்' என்று யாரும் பார்க்காததை எழுதாதீர்கள். இரண்டாவது துணையோடு இன்னொரு குடும்பம். முதல் கணவரின் பிள்ளை இந்த இரண்டாவது குடும்பத்திலும் வருவான்: அம்மாவோடு 'பர்த்', அப்பாவோடு 'ஸ்டெப்சைல்ட்'. அந்தப் பிள்ளையின் பள்ளிப் பத்திரத்தில் வளர்த்தவர் பெயரே இருந்தால், அது மாற்றுப் பெயராக இன்னொரு வரி. முதல் கணவர் திரும்பி வந்த கதைகளும் உண்டு. அப்போதும் எந்தக் குடும்பத்தையும் அழிக்கவேண்டாம், தேதி போட்டால் வரிசை தானே புரியும்.

அக்காள் மகளைக் கட்டியவர்கள்

தாய்மாமன், அத்தை மகன் கல்யாணங்கள் நிறைந்த மரத்தில் ஒரே ஆள் வரைபடத்தில் இரண்டு இடத்தில் வருவார். பிழை என்று நினைத்து ஒருவரை நீக்கிவிடாதீர்கள். பாட்டியும் அத்தையும் ஒரே ஆளாக இருப்பது நமக்குச் சாதாரணம், மென்பொருளும் அதைத் தாங்கும். இந்துக்கள் வழக்கப்படி அக்காள் மகளைக் கட்டுவதற்கு 1976ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. ஆகவே இதை மறைக்கவேண்டிய உறவாக நான் கருதுவதில்லை. வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளைகள் கூச்சப்பட்டால் விளக்கிச் சொல்லுங்கள், அவ்வளவே.

பூட்டு எதைச் செய்யும், எதைச் செய்யாது

கிராம்ப்ஸில் ஆள், குடும்பம், நிகழ்வு, குறிப்பு, மேற்கோள், படம், பெயர் என்று கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் ஒரு பூட்டுச் சின்னம் உண்டு. அதைச் சொடுக்கினால் அந்தப் பதிவு தனிப்பட்டது என்று குறிக்கப்படும். ஆனால் அது நிஜப் பூட்டு அல்ல. உங்கள் கணினியில் மென்பொருளைத் திறக்கும் எவரும் எல்லாவற்றையும் படிக்கலாம். கடவுச்சொல் இல்லை, குறியாக்கம் இல்லை. அறிக்கை எடுக்கும்போதும் ஏற்றுமதி செய்யும்போதும் 'தனிப்பட்டதை விடு' என்று நீங்கள் சொன்னால்தான் அது வேலை செய்யும். எனவே மடிக்கணினிக்குக் கடவுச்சொல்லும், முடிந்தால் வட்டு முழுவதற்கும் குறியாக்கமும் போட்டுவிடுங்கள். வீட்டுப் பையன் விளையாடும் கணினியில் இந்த வேலையே வேண்டாம்.

எதைப் பூட்டுவது என்பதில்தான் எனக்கு அடி விழுந்தது. முதலில் ஆளையே பூட்டினேன். தாத்தாவின் இரண்டாம் தாரத்தைப் பூட்டி ஏற்றுமதி செய்து பார்த்தால், அவர் மறைந்துவிட்டார், அவருடைய மூன்று பிள்ளைகளும் தாத்தாவுக்குக் கீழே அம்மா இல்லாமல் நிற்கிறார்கள். மறைக்க நினைத்ததைப் பட்டயம்போலக் காட்டிக்கொடுப்பது அந்தக் காலியிடம்தான். மறைக்கவேண்டியது ஆளா, தொடர்பா, ஒரு நிகழ்வா, ஒரு வரிக் குறிப்பா என்று முதலில் தீர்மானியுங்கள். பத்தில் ஒன்பது சமயம் குறிப்பையோ தொடர்பையோ பூட்டினாலே போதும்.

தேதிகளும் பேசும். 1961 நவம்பரில் கல்யாணம், 1962 மார்ச்சில் தலைப்பிள்ளை என்று அச்சடித்தால் விரல்விட்டு எண்ணத் தெரிந்த எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும். 52 வயதில் பாட்டி பெற்ற கடைக்குட்டியும் அப்படியே. இந்த இடங்களில் நான் காட்டிக்கொடுக்கும் அந்த ஒரு நிகழ்வை, திருமணத்தையோ பிறப்பையோ, மட்டும் பூட்டுகிறேன். அதைப் பூட்டினால் ஏற்றுமதியில் தேதி போய்விடும், ஆள்கள் அப்படியே இருப்பார்கள், யாருக்கும் கேள்வி எழாது. மரணக் காரணமும் தனி விவரமாகத்தான் இருக்கவேண்டும், பூட்டோடு. தூக்கு, மருந்து, சம்சு (மலிவுச் சாராயம்) என்று எழுதும் அளவுக்கு எந்த வரைபடத்துக்கும் அவசியம் இல்லை. குடும்ப நோய் பற்றிய தகவல் என்றால் மட்டும் அடுத்த தலைமுறைக்கு உதவும், அதைப் பூட்டிய குறிப்பில் முழுமையாகவே எழுதுங்கள்.

ஒட்டிய படங்களை மறக்கவேண்டாம். குறிப்பைப் பூட்டிவிட்டு, அதே விஷயம் கொட்டை எழுத்தில் இருக்கும் தத்துச் சான்றிதழின் படத்தைத் திறந்து வைத்தவர்களில் நானும் ஒருவன்.

யார் சொன்னது

ஒவ்வொரு சிக்கலான உறவுக்கும் ஒரு மேற்கோள் வேண்டும்: யார் சொன்னார், எந்தத் தேதியில், எங்கே, அவர் கண்ணால் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா. மேற்கோளுக்கு நம்பகத்தன்மை அளவு ஒன்று உண்டு, வெரி லோவில் தொடங்கி வெரி ஹை வரை ஐந்து படி. பிரசவத்துக்குக் கூட இருந்த அத்தை சொன்னது ஹை. பங்குச் சண்டைக்குப் பிறகு எதிர்வீட்டுப் பெரியம்மா சொன்னது வெரி லோ, அதைப் பதியாமலே விட்டாலும் குற்றமில்லை. நான் வைத்திருக்கும் கணக்கு: ஒருவரின் பிறப்பைப் பற்றிய செய்திக்கு ஒருவர் வாய் போதாது, இரண்டு பேர் வேண்டும், அதுவும் ஒருவரிடம் இன்னொருவர் கேட்டுச் சொன்னதாக இருக்கக்கூடாது. அதுவரை அது பூட்டிய குறிப்பாகவே கிடக்கும், உறவாக ஏறாது.

வெளியே அனுப்பும் முன்

ஏற்றுமதித் திரையில் மூன்று இடத்தைப் பாருங்கள். தனிப்பட்ட பதிவுகளை விடும் தேர்வு ஒன்று. உயிரோடிருப்பவர்களின் விவரத்தை நீக்கும் தேர்வு இன்னொன்று. இறப்புத் தேதி இல்லாதவர்களை மென்பொருள் வயதைக் கணக்கிட்டு உயிரோடிருக்கலாம் என்று ஊகிக்கும், எனவே பிறந்த வருஷம் சுமாராகவாவது இருப்பது நல்லது. மூன்றாவது, குறிப்புகள்.

ஜெட்காம் கோப்பாக அனுப்பினால் இன்னொரு கவனம். வம்சாவளி மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று பேசும் பொதுவடிவம் அது; இப்போது பரவலாக உள்ளது 5.5.1, புதியது 2021இல் வந்த 7.0. பழைய வடிவத்தில் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே உறவு வகைதான். அம்மாவோடு ஒன்று, அப்பாவோடு வேறொன்று என்று நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்டதைக் கிராம்ப்ஸ் தன் சொந்தக் குறியீட்டில் எழுதும். வாங்குகிற மென்பொருள் அதைப் புரிந்துகொள்ளாமல் போகலாம், சயாமுக்குப் போனவரின் பிள்ளை இரண்டாவது கணவரின் சொந்தப் பிள்ளையாகிவிடுவான். பூட்டும் கூடவே பயணம் செய்யும் என்று நம்பாதீர்கள். பூட்டியதை வெளியே எடுத்த பிறகே கோப்பை உருவாக்குங்கள்.

உருவான கோப்பை அப்படியே வாட்சப்பில் போட்டுவிடாமல், வெற்று மரம் ஒன்று திறந்து அதற்குள் இறக்குமதி செய்யுங்கள். அதில் மூன்று பெயரைத் தேடுங்கள்: வீட்டில் அதிகம் மறைக்கப்பட்ட மூன்று பேர். அப்புறம் குறிப்புகள் பட்டியலைத் திறந்து கண்ணால் ஓட்டுங்கள். இந்தப் பத்து நிமிஷம் செலவழித்திருந்தால் 31ஆம் பக்கம் நடந்திருக்காது.

இணைய மரங்களில் ஏற்றுவதில் நான் பின்வாங்கும் பேர்வழி. ஃபேமிலிசர்ச்சில் உள்ளது உலகத்துக்கே ஒரே மரம். இறந்தவர் என்று குறித்தவரை எல்லோரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம். உயிரோடிருப்பவர் பதிவுகள் மறைந்திருக்கும், ஆனால் அவர்களின் அம்மா அப்பா கதை திறந்துதானே கிடக்கிறது? 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த, குடும்பக் காரியத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் தகவலுக்கு விலக்கு தருகிறது. சட்டம் விட்டாலும் அத்தையின் போன் விடாது. மரபணுச் சோதனைப் பெட்டியை ஆசையாக வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அரை அண்ணன், அரைத் தம்பி பட்டியல் வருவதற்கு முன் அது வந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்று யோசித்துவிட்டு எச்சில் துப்புங்கள்.

நகலும் சாவியும்

முழு மரத்தின் நகலை, படங்களோடு சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டும் வடிவத்தில் எடுத்து, இரண்டு யூஎஸ்பியில் குறியாக்கத்தோடு வையுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று வேறு வீட்டில். 'நான் போன பிறகு' என்று சொன்னவர்களின் குறிப்புகளுக்கு ஒரு தனி அடையாளக் குறி போட்டு வைத்தால், அவர் காலமானதும் எவற்றின் பூட்டைத் திறப்பது என்று தேடவேண்டியிருக்காது. எங்கள் வீட்டில் என் தங்கை மகளிடம் கடவுச்சொல் ஒட்டிய உறையில் இருக்கிறது, அவள் வாய் இறுக்கமானவள்.

சித்தியின் புத்தகத்தை இரண்டு மாதம் கழித்துத் திருத்தி அச்சடித்துக் கொடுத்தேன். 31ஆம் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்த்தார். பிறகு தன் பெயருக்குக் கீழே பேனாவால் தானே எதையோ எழுதி, புத்தகத்தை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.